முடிவிலிக்குப் பதில் ஆறு

ஆகஸ்ட் 5, திங்கள்

இட்லி மாவை டப்பாவில் அள்ளிக்கொண்டே அத்தை கேட்டார்: "கீழ தட்டு சுத்துது, அதுமேல தண்ணி, தண்ணி மேல எண்ண. அவ்ளோதான வெண்ணிலா? இதுக்கா இத்தினி வருசமா திண்டிவனத்துக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்க?"

என் ஆய்வை இவ்வளவு சுருக்கமாக நானே சொன்னதில்லை. 23-ஆம் தேதி சினாப்சிஸ், ஆய்வுச் சுருக்கத்தை ஆய்வுக் குழு முன் வைக்கும் நாள். குழு ஒப்புக்கொண்டால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். நான்காம் அத்தியாயத்தின் படங்களைத் திரும்ப வரைய வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஆகஸ்ட் 6

எதிரோட்டத்தைக் காணோம்.

தட்டு வேகமாகச் சுழன்றால் மேலே உள்ள எண்ணெய் அடுக்கு ஓரிடத்தில் மையத்தை நோக்கித் திரும்பி ஓடும். இதைக் கணக்கிட்டுச் சொன்னவர் என் கைடு சுப்பராயலு சார். அவருக்குப் பெயர் வந்ததே இதனால்தான். என் நான்காம் அத்தியாயம் நிற்பதும் இதன்மேல்தான். இன்று படத்தில் எண்ணெய் ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருக்கிறது!

தேடினால், 6 அடிக்க வேண்டிய இடத்தில் 16 அடித்திருக்கிறேன். தட்டை விட்டு முடிவில்லாத தூரம் போனால் சுழற்சி அடங்கிவிடும் என்பது கணக்கின் நிபந்தனை. கணினிக்கு முடிவிலி தெரியாது, ஓர் எண்தான் கொடுக்க முடியும். சாரின் மாணவர்கள் எல்லோருக்கும் அது ஆறு. ஏன் ஆறு என்று நான் கேட்டதே இல்லை.

6 என்று திருத்தியதும் எதிரோட்டம் வந்துவிட்டது. அப்பாடா. அதோடு மூடி வைத்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே.

ஆகஸ்ட் 7

முடிவிலிக்கு 10, 12, 20 என்று கொடுத்துப் பார்த்தேன். எதிலும் எதிரோட்டம் இல்லை.

ஆகஸ்ட் 8

கல்லூரிக்குப் போகும் ரயிலில் விக்கிரவாண்டி வருவதற்குள் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம். எண்ணெயின் சுழற்சி ஆறில் அடங்கவில்லை. நாம்தான் அங்கே ஒரு மூடி போட்டு 'இங்கே அடங்கு' என்கிறோம். மூடியில் முட்டித் திரும்பியதைத்தான் இத்தனை நாளும் எதிரோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்போ என் அத்தியாயம்? சாரோட பேரு? ஐயோ, நான் ஏன் ஆறுக்கு முன்னால அந்த ஒன்ன அடிச்சேன்...

ஆகஸ்ட் 12, திங்கள்

சாரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆறு போதும்மா. எல்லாரும் ஆறுதான் வைக்கிறாங்க. நீ சினாப்சிஸ முடி."

எல்லோரும் என்றால் யார்? அவரிடம் படித்த நாங்கள்தானே! வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன். கோபமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 16

எனக்கு முன்னால் அவரிடம் பட்டம் வாங்கிய ரஞ்சித் போனில் சொன்னது: "பேஜாரு பண்ணாத வெண்ணிலா. பட்டத்த வாங்கிக்கினு அப்பறமா பேசு. அவுரு கையெழுத்து போடலன்னா என்னா பண்ணுவ?"

நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 21

சினாப்சிஸில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன், ஆறும் பதினாறும். சாருக்கு அனுப்பியாயிற்று. பதில் வரவில்லை. மாற்றப்போவதில்லை. தெரிந்த பிறகு எப்படி ஆறை மட்டும் காட்டுவது?

ஆகஸ்ட் 23, வெள்ளி

இரண்டு படங்களையும் திரையில் காட்டினேன். பேசி முடித்தேன். சார் இருக்கிற இடத்தில் அவருடைய முடிவைப் பற்றி யார் கேட்பார்கள்?

கைடு தன் மாணவரைக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கள் கல்லூரியில் கிடையாது. மாணவர் திணறினால் முட்டுக்கொடுப்பதுதான் அவர் வேலை. சார் எழுந்து மைக்கை வாங்கினார்.

"உங்க முடிவிலி எவ்வளவு?"

வாங்க போங்க என்று அவர் என்னிடம் பேசியதே இல்லை.

"பதினாறு, சார்."

"அதுக்கு முன்னாடி?"

"ஆறு."

"ஆறுன்னு யாரு சொன்னது?"

அவர் பெயரை எப்படிச் சொல்வது? கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். குழு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றார் சார், குழுவின் பக்கம் திரும்பி. "எழுதிக்குங்க."

ஆகஸ்ட் 24

நான்காம் அத்தியாயம் முதலிலிருந்து. சாரும் கூட உட்கார்ந்து கணக்கைப் போடுகிறேன் என்கிறார். குறைந்தது இன்னும் ஒரு வருஷம்.

"முடிஞ்சிதா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை."

"இன்னும் சுத்திக்கினுதான் இருக்குதா?"

"எண்ண மட்டும் இப்ப ஒழுங்கா ஓடுது அத்தை" என்றேன். அத்தை சிரித்துவிட்டு, காலி டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்து இட்லி மாவு நிரப்பச் சொன்னார். திங்கட்கிழமை நான் சார் வீட்டுக்குக் கொண்டுபோகவாம்.