லாரி ரோடும் கடல் ரோடும்

லாத்தா,

இன்று காலை ரெட்டிபாளையத்தைத் தாண்டும்போது தூறல் போட்டது. சிமெண்ட் ஆலை லாரிகள் ஓடி ஓடி வெளுத்துப்போன ரோடு நனைந்ததும் சுண்ணாம்பு வாசனை எழுந்தது. சைக்கிளை ஓரமாக நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நாம் முதன்முதலாக அங்கே மழையில் மாட்டியபோது நீங்கள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "பெருநாளைக்கு வெள்ளையடிச்ச வூடு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றீர்கள்.

என் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் உங்களுக்கு ரத்தம் எடுத்த அன்றைக்குக் கூப்பிட்ட 'சிஸ்டர்' கடைசிவரை மாறவில்லை. நீங்கள் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். உங்கள் தங்கை உங்களை அழைப்பதைக் கேட்டு நானும் லாத்தா என்று அழைக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்குச் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். அடுத்த மாதம் அளவு குறையாத ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"நடந்து பாத்துட்டேன் சிஸ்டர். தெருவுக்குத் தெரு நிறுத்தி எங்க போறீங்கன்னு கேக்குறாங்க. நீங்க சைக்கிள்லதானே வர்றீங்க, உங்கள யாரும் நிறுத்துறாங்களா?"

"நிறுத்துறதுக்குள்ள போயிடுவேன்ல."

"அப்ப எனக்கும் கத்துக்குடுங்க."

உங்களுக்குச் சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. கணவர் மஸ்கட்டில் வேலை. மகள் சபீனாவின் படிப்புக்காக டவுனில் வாடகை வீடு. நான் குன்னம் பக்கத்துக்காரி. என் அப்பாவும் அம்மாவும் ஊரார் காட்டில் கூலிவேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் தொடங்கி, சைக்கிள் எனக்கு எப்போதும் எங்கேயாவது போய்ச் சேருவதற்கான வண்டி. சும்மா போய்விட்டு வருவதற்காகவும் ஒருத்தி சைக்கிளை எடுக்கலாம் என்று காட்டியது நீங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிளம்புவோம். ரஞ்சன்குடிக் கோட்டைக்கு நான்குவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோடு. ஆடி மாதத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். பெரிய பந்தயத்தில் ஜெயித்தவர்கள் மாதிரி கோட்டை வாசலில் இறங்குவோம். திரும்பும்போது அதே காற்று முன்னே நின்று மறிக்கும். "போறப்ப காட்டுன பவுசெல்லாம் எங்க போச்சு சிஸ்டர்?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பீர்கள். குன்னம் வழியாக அரியலூர் போகும் ரோட்டில் அறுவடை முடிந்துவிட்டால் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயும். அதன்மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும். நான் முகத்தைச் சுளிப்பேன். நீங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டே, சோளம் கிளறும் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பீர்கள். அந்த ரோட்டில் எந்த வீட்டு வாசலிலும் உரிமையோடு தண்ணீர் கேட்க முடிந்தது உங்களால்தான்.

நாம் போனதிலேயே தூரமான இடம் ரெட்டிபாளையம். அங்கேதான் விழுந்தீர்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று உங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. முழுசாகத் தாண்டும் முன்பே இடது பக்கம் ஒடித்தது. ஒதுங்கப் போன உங்கள் முன்சக்கரம் தார் உடைந்து கிடந்த ஓரத்தில் இறங்கியது. கருவேலம்புதருக்குள் சைக்கிளோடு கிடந்தீர்கள். லாரி நிற்கவில்லை.

மணிக்கட்டு முறிந்திருந்தது. அன்று சாயங்காலம் உங்கள் கணவர் போனில் பேசியது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. "சைக்கிளும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ளைக்கு நீ வேணும்." நீங்களும் சரி என்றீர்கள். எனக்கும் பயம்தான். கட்டுப் பிரித்த பிறகும் சைக்கிள் பேச்சை நான் எடுக்கவில்லை. சர்க்கரை மறுபடி ஏறியது. அந்த ரிப்போர்ட்டை நான்தான் உங்கள் கையில் கொடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"ஞாயித்துக்கிழமை ரெட்டிபாளையம் போவோம். பஸ்லதான். பயப்படாதீங்க."

ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவரிடம் நேராகப் போனீர்கள்.

"அண்ணே, மேல உக்காந்தா சைக்கிள்ல போற ஆளு எங்க தெரியும்?"

அவர் சிரித்தார். உங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏறித்தான் பாருங்களேன்" என்றார்.

முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டுப் பிரித்த கையாலும் பிடித்து ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தீர்கள். டீக்கடைக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு நான் லாரியின் இடது பக்கம், முன்சக்கரத்தை ஒட்டி நின்றேன்.

"சிஸ்டர், எங்க இருக்கீங்க?"

"இங்கதான் நிக்கிறேன் லாத்தா."

"காணோமே."

டிரைவர் என்னைப் பின்னால் நகரச் சொன்னார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிறகு உங்களிடம், "இப்ப கண்ணாடில பாருங்க, தெரியுறாங்களா?" என்றார். நீங்கள் கண்ணாடிப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தீர்கள். இறங்கி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு லாரி ஓட்டுன புள்ள என்னைத் தாண்டிட்டோம்னு நெனச்சுருக்கான் சிஸ்டர். வேணும்னே செஞ்சான்னு நெனச்சு இத்தன நாளா உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருந்தேன்."

"வேணும்னு யாரும் செய்ய மாட்டோம்மா" என்றார் டிரைவர். "ஆனா நிக்காமப் போனது தப்புதான். நீங்களும் ஓரத்தோட ஓரமா ஒட்டிக்கிட்டுப் போகாதீங்க. கொஞ்சம் உள்ள வந்து, கண்ணுக்குத் தெரியற மாதிரி போங்க."

அந்த வாரமே ஆரஞ்சு நிறத் துணி எடுத்து நம் இருவருக்கும் மேல்சட்டை தைத்தீர்கள். கணவரிடமும் நீங்களே சொன்னீர்கள், லாரியில் ஏறிப் பார்த்துவிட்டேன் என்று. அவர், "சரி, போறப்ப ஒரு போட்டோ அனுப்பிட்டுப் போ" என்றாராம்.

சபீனா திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்ந்ததும் நீங்கள் மஸ்கட் போனீர்கள். அங்கேயும் சைக்கிள். வாட்ஸப்பில் உங்கள் குரல் வரும். "ரோடு கண்ணாடி கணக்கா இருக்கு சிஸ்டர், ஒரு பள்ளம் கெடையாது. ஆனா எல்லாம் வலது பக்கம். மொத நாளு ரவுண்டானாவுல எதிர்ல போயிட்டேன், அல்லாஹ்தான் காப்பாத்துனான்." இன்னொரு நாள்: "சுபுஹு தொழுதுட்டுக் கெளம்பிரணும். வெயில் ஏறிட்டா கடல்லேர்ந்து காத்து மூஞ்சில அடிக்குது. கோடையில காத்தும் இல்ல, நிக்கிற எடத்துலயே நனஞ்சு போறேன்." பிறகு ஒரு நாள் சிரிப்பு தாங்காமல், "அவரும் சைக்கிள் பழகுறாரு. இங்க இப்ப கத்துக்குடுக்குற சிஸ்டர் நான்தான்!"

ஒரு தடவை வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். பாஸ்போர்ட் எடுக்கவே நான் சோம்பல்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு காலையில், தொழுகை முடித்து எழுந்த உங்களுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். சபீனாவைக்கூட விமானம் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. லேபில் வேலை செய்துகொண்டிருந்த எனக்கு அவள்தான் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு, அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு ரத்தம் எடுக்கக் கை வரவில்லை.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சபீனா என் வீட்டு வாசலில் உங்கள் சைக்கிளோடு நின்றாள். "ஆன்ட்டி, அம்மா போற ரோடெல்லாம் எனக்குக் காட்டுறீங்களா?" காட்டினேன். அடுத்த வாரம் அவள் தோழி ஒருத்தி வந்தாள். அப்புறம் எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர். குன்னத்தில் சோளம் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மா உங்களைக் கேட்டார். சொன்னேன். மறுவாரம் தன் மருமகளை எங்களோடு அனுப்பிவைத்தார்.

பாஸ்போர்ட்டும் எடுத்தேன் லாத்தா. குளிர்காலத்தில் சபீனாவோடு மஸ்கட் போனேன். முதலில் உங்கள் அடக்கத்தலத்துக்குப் போனோம். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை என்றார்கள். மதிலுக்கு வெளியே நின்று சபீனா துஆ செய்தாள். எனக்குத் தெரிந்த மாதிரி நான் கும்பிட்டுக்கொண்டேன். மறுநாள் விடிகாலையில் உங்கள் கணவர் சைக்கிள்களோடு வந்தார். துறைமுகத்தை ஒட்டி வளைந்து போகும் கடற்கரை ரோடு. ஒரு பக்கம் புல்லே இல்லாத கறுத்த மலை, மறுபக்கம் தண்ணீர். நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. வலது பக்கம் போக வேண்டும் என்பதை நானும் இரண்டு தடவை மறந்தேன்.

கடலை விட்டு ரோடு மலைமேல் ஏறும் இடத்தில் அவர் பின்தங்கினார். நானும் சபீனாவும் உச்சியில் காத்திருந்தோம். மேலே வந்ததும் காலை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவளும் இங்கதாங்க நிப்பா. கடலப் பாக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நிப்பா. ரொம்ப நேரம் ஆயிடுச்சான்னு கேட்டா, இல்ல, இப்பதான் நிறுத்துனேன்னு சொல்லுவா. ஒரு நாளுகூட நான் லேட்டுன்னு சொன்னதில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரியலூர் ரோட்டு மேட்டில் நான் திணறிய நாள்களிலும் நீங்கள் இப்படித்தான் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நிஜமாகவே வேடிக்கைதான் பார்க்கிறீர்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

இப்போது குன்னத்து மருமகள்தான் எங்களில் கடைசியாக வருபவள். மேட்டில் ஏறியதும் நான் நிறுத்துகிறேன். பார்ப்பதற்கு அங்கே கடல் இல்லை. பருத்திக் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். அவள் இரைக்க இரைக்க வந்து, "ரொம்ப நேரமா நிக்கிறீங்களாக்கா?" என்று கேட்கிறாள்.

"இல்லம்மா, இப்பதான் நிறுத்துனேன்" என்கிறேன்.