ஏழு அடி மஞ்சள் திரை

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

என் பேத்தி தேன்மொழிக்கு அம்மாயி எழுதுவது. நான் நன்றாகத்தான் நடமாடுகிறேன். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், கண்ணு. போனில் பேசினால் உன் அம்மா சுகுணா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணைக் காட்டுகிறாள். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பூங்குழலி இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். படிக்காமல் அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். படிப்பாள். படிக்கட்டும்.

நீ போனில் பார்த்து அறைக்கு ஒன்றாக எடுத்த திரைகள் போன மாதமே வந்துவிட்டன. மாட்டுவதற்கு நாமக்கல்லிலிருந்து வந்த ஆள் முப்பதாவது வளைவிலேயே பஸ்ஸில் வாந்தி எடுத்திருக்கிறான், திரை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே. வீட்டுக்குள் வந்ததும், "ஏனுங்க ஆயா, இந்த மலைல எப்படீங்க இருக்கறீங்க?" என்று கேட்கிறான். "வாந்தி எடுக்காமத்தான்" என்றேன். உன் அம்மா மேலே இருந்த துணியை மட்டும் அலசிப் போட்டாள். எனக்கு அந்த நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

முன் அறைக்கு நீ எடுத்தது வெள்ளைச் சல்லாத் துணி. உன் அப்பா பனியனோடு உட்கார்ந்து பல் குத்துவது ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிறது. குளியலறைக்கு மீன் படம் போட்ட பிளாஸ்டிக். அதன் அடியில் வழுவழுவென்று பாசி பிடித்து, கால் பட்டால் தவளையை மிதித்த மாதிரி இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளுக்கு வெயிலே நுழையாத கனத்த துணி. நம் மழைமூட்டத்தில் அது எப்போது காயும்? பூஞ்சை பூத்து நனைந்த நாய் மாதிரி நாறுகிறது. ஆடிப் பதினெட்டுக்கு வந்த கூட்டம் பலாப்பழம் தின்றுவிட்டு, பால் ஒட்டிய கையை அதிலேயே துடைத்திருக்கிறது. முதலில் எண்ணெய் தடவு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கேட்காமல் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இப்போது தலைமுடியும் ஈயும் ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. தின்ற கையைத் திரையில் துடைக்கிறவனுக்குத்தான் இந்த வீட்டில் மெத்தையும் போர்வையும்.

அதெல்லாம் போகட்டும். என் அறையையும் வாடகைக்கு விட்டாயிற்று என்று உனக்குச் சொன்னார்களா? நான் இப்போது சமையலறைக்குப் பின்னால், மிளகு மூட்டை போடும் அறையில் இருக்கிறேன். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குக் கதவு இல்லை. இருந்த பலாமரக் கதவை உன் அப்பா கழற்றி, வாடகை அறையில் சுவரோடு சேர்த்து நிறுத்தியிருக்கிறார். பழைய கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு ஆசையாம். அங்கே கதவுக்குப் பின்னால் வெறும் சுவர். இங்கே ஆள் படுக்கும் அறைக்குத் துணி.

அந்தத் துணியை எடுத்தது நீ. மஞ்சள் பூப் போட்டது. "இது அம்மாயி ஜன்னலுக்கு" என்று போனில் சிரித்தாய். என் ஜன்னல் ஒரு முழம்தான். அதற்கு எதற்கு ஏழு அடி என்று நீ கேட்கவில்லை. ஐந்தாவதோடு நின்ற எனக்கே ஏழு அடி என்றால் வாசல் உயரம் என்று தெரியும். நீ காலேஜ் படித்தவள்.

அதே ஆடிப் பதினெட்டன்று குளித்துவிட்டு வந்து சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். வாடகைக்கு வந்தவன் ஒருவன் திரையைத் தூக்கிக்கொண்டு நின்றான். "சாரி பாட்டி, டாய்லெட்னு நெனச்சேன்" என்றான். சொன்னவன் திரும்பிப் போகவேண்டாமா? மூட்டைகளைப் பார்த்து, "இதெல்லாம் மிளகா?" என்று கேட்டான். "மொளகுதான். வாயத் தொற, போடறேன்" என்று கத்திய பிறகுதான் போனான். உன் அம்மாவிடம் சொன்னேன். "இந்த வயசுல உன்னய ஆரு பாக்கப் போறாங்க? சும்மா இரும்மா, கஸ்டமர் காதுல உழுவும்" என்றாள். அவளைப் பெற்ற அன்றுகூட எனக்கு இப்படி உடம்பு கூசவில்லை.

அன்றிலிருந்து சேலை மாற்றத் தெருக்கோடிச் சென்னம்மாள் வீட்டுக்குப் போகிறேன். அவள் ஒன்றும் கேட்பதில்லை. என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, மழையானாலும் வெளியே நிற்கிறாள். மாற்றுச் சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு நான் தெருவில் போவதை ஊரே பார்க்கிறது. என் நிலத்தில் கட்டிய வீடு இது, தேன்மொழி.

என் வீட்டுக்காரர், உன் அப்புச்சி, செத்த அன்று வாசலில் நாலு பேர் சேலையைச் சுற்றிப் பிடித்து மறைத்துக்கொண்டு அவரைக் குளிப்பாட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் பிடிப்பார்கள். அன்றைக்குத் துணி போதும்.

மஞ்சள் திரையைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நல்ல துணிதான், அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாப்பிள்ளையோடு நான் வாதாட மாட்டேன். நீ சொன்னால் உன் அப்பா கேட்பார். பலாக் கதவை அது இருந்த வாசலிலேயே திரும்ப மாட்டச் சொல். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும்.

எட்டுக்கை அம்மன் உன்னைக் காப்பாள். இருந்தாலும் நீ தங்கியிருக்கும் அறையின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்து, போட்டுவிட்டுத் தூங்கு சாமி.

உன் அம்மாயி,
பொன்னாயி