ஆக்ராவில் இல்லாத மகனுக்கு

புளியந்தோப்பு,
22.8.1999

மகன் அன்பரசனுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தங்கை மதியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் "நலம்" என்று வேறு யாராவது எழுதி அனுப்புவார்கள்.

மதி கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, அதெல்லாம் இருக்கட்டும். ஜூலையிலிருந்து உன் பெயரில் மூன்று கடிதம் வந்தது, ஆக்ராவில் ஸ்டோரில் பாராசூட் மடிக்கிறேன், சண்டைக்கு அனுப்பவில்லை என்று மூன்றிலும் ஒரே பாட்டு. "மதிப்பிற்குரிய தந்தையே" என்று ஆரம்பித்திருந்தது. நைனா என்பதைத் தவிர என்னை நீ எப்போது வேறு மாதிரி கூப்பிட்டாய்? எழுத்தும் உன்னுடையது இல்லை. அம்மாவிடம் மூச்சு விடாமல், பேப்பரில் மலைச் சண்டையில் செத்தவர்கள் பெயரைத் தினமும் விரல் வைத்துப் படித்தேன்.

உன்னோடு பட்டாளத்தில் சேர்ந்த திருவொற்றியூர் கருணாகரன் காலில் கட்டோடு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு நேற்று அவன் வீட்டுக்குப் போனேன். "அன்பு ஷோக்கா கீறான் நைனா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். எனக்கு அங்கேயே சந்தேகம் கெட்டியாகிவிட்டது. எழுத்து மாறியது மனசில் இருந்ததால், அன்பு எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று கேட்டேன், அவன் கால் கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் அம்மா சொக்கம்மாள்தான் "பெத்தவரு கேக்குறாரு, சொல்லித் தொலைடா" என்று அதட்டினாள்.

பிறகு எல்லாம் சொன்னான். ஆக்ராவில் முதல் தடவை விமானக் கதவருகே நின்றபோது சட்டையெல்லாம் வாந்தி எடுத்தாயாம், பயந்தால் திரும்பிப் போ என்று வாத்தியார் சொன்னாராம், நீ வாயைத் துடைத்துக்கொண்டு குதித்தாயாம். ஐந்து தடவை குதித்து இறக்கை பேட்ஜ் வாங்கியதை எழுதினாயே, இதை ஏன் எழுதவில்லை? காஷ்மீரில் பாராசூட்டுக்கே வேலை இல்லையாம், கயிறு பிடித்துப் பாறையில் ஏறினீர்களாம். விடியும்போது மேலேயிருந்து சுட்டதில் கருணாகரன் காலில் குண்டு பட்டு விழுந்திருக்கிறான், நீ அவன் பையின் வாரைப் பிடித்துப் பாறை மறைவுக்கு இழுத்திருக்கிறாய், அப்போது வெடித்த ஷெல்லில் உன் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. "வூட்டுக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினான் நைனா" என்று அழுதான். டில்லி ராணுவ ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக் கடிதம் எழுத வைக்கிறாயாம். விரல்தானா, முழுக் கையுமா, கண் தெரிகிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரே பதில்தான் சொன்னான், ஆனாலும் நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா என்னைத்தான் அடிக்க வந்தாள். அப்புறம் "உசுரோட கீறான் இல்ல, பின்ன இன்னாத்துக்கு எம்புள்ள ஒளிஞ்சிகினு கீறான்" என்று கேட்டாள். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷமாகச் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறேன், விரல் போனவர்களோடுதான் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒருத்தனை உயிரோடு இழுத்து வந்த கையை மறைக்க என்ன இருக்கிறது? காயத்துக் கட்டை ஈரமாக்காதே, மாத்திரையை வேளைக்குப் போடு.

பகவான் புத்தர் உன்னைக் காப்பார், அம்மாவின் முத்தமும் இதில் இருக்கிறது. 29ஆம் தேதி ரயில் ஏறுகிறோம், செவ்வாய்க்கிழமை காலை டில்லியில் இருப்போம். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் பெயரைச் சொல்லி வை. உன்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரையாவது விட்டுச் சொல்ல வைக்காதே, ஒவ்வொரு கட்டிலாகத் தேடுவேன்.

உன் நைனா,
பக்தவச்சலம்