மாடி அறையில் வயல்காரர்கள்

பினாங்கில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

ஜெயித்துவிட்டேன்!

எதிர் வயலை விற்று அங்கே கட்டடம் எழும்பினால், பாலியில் இருக்கும் நம் விடுதியிலிருந்து சுவரைத்தான் பார்க்க முடியும் என்று பயந்துதானே கிளம்பிப் போனீர்கள்? விற்க இருந்த வயல்காரர் நெங்காவையும் அவர் மனைவி சுக்ரியையும், தங்கள் வயலை ஒரு தடவை மேலேயிருந்து பார்க்கட்டும் என்று, நம் விலை உயர்ந்த மாடி அறையிலேயே தங்கவைத்தேன். பைத்தியக்காரி என்று போனில் கத்தினீர்கள்.

மெத்தை சரிப்படாமல் தரையில் படுத்தார்கள். காலையில் நெங்கா மாடியிலிருந்து அலறினார்: "எவன்டா அது, என் முறைத் தண்ணிய மடை மாத்துறவன்?" குளியல் அங்கியோடே வயலுக்கு ஓடினார். விருந்தாளிகள் காப்பியை மறந்து கைதட்டினார்கள்.

சுக்ரி மட்டும் மாடிச் சன்னலிலேயே நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பது வருஷமா குனிஞ்சே பாத்துட்டேன். இவ்வளவு அழகுன்னு யாருமே சொல்லலியே!"

சேற்றோடு திரும்பியவரிடம் சொன்னாள்: "விக்கிறதா இருந்தா என்னையும் சேத்து வித்துடுங்க." அவர் அந்த அங்கியிலேயே நின்று, வாங்க வந்தவனுக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்.

நீங்களும் பன்னிரண்டு வருஷம் இங்கே ஒழுகும் குழாயையும் கூரையையும்தான் பார்த்தீர்கள். ஒரு தடவை விருந்தாளியாக வாருங்கள். மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள்
பைத்தியக்காரி