இரண்டு பத்துக்குப் படகுத்துறை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் பிள்ளைகள் இருவரும் இங்கே உடம்பளவில் சுகம். நீயும் அங்கே உடம்பளவில் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன், அதைத் தாண்டி விசாரிக்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், பெரியவள் பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பாள். எட்டு வயதுதான். ஆனால் அவள் காதில் விழுந்த எதுவும் உடனே வெளியே வருவதில்லை, உள்ளே கிடந்து வேறு ஏதோ ஆகிறது. அதனால் கடிதம். வருகிற இருபதாம் தேதி வந்து பிள்ளைகளை உன்னோடு கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் நீ சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. சின்னவனுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அழவில்லை, பல்லைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான், அம்மாவிடம் காட்டவாம். பெரியவளுக்கு நான்தான் தலை பின்னுகிறேன், ஒரு பின்னல் மேலே ஒரு பின்னல் கீழே போய்விடுகிறது. யார் பின்னியது என்று டீச்சர் கேட்டதற்கு எங்க வீட்டு டிரைவர் என்றிருக்கிறாள். டிரைவர் இல்லை, பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தேன் என்று திருத்தினேன். என்ன வித்தியாசம் என்றாள். டிரைவர் போவார், போனார் என்று நான் எழுதுவேன் என்றேன். அப்ப நீ எங்கயுமே போனதில்லையா தாத்தா என்றாள். இப்படித்தான் பேசுகிறாள். யாரைக் கொண்டிருக்கிறாள் என்று நீயே யோசித்துக்கொள். உன் அம்மா இருந்திருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். நான் போடவில்லை. அன்று இரவு சோற்றில் உப்புப் போட மறந்ததோடு சரி.

இப்போது அந்த லிஸ்ட். பதினான்கு மாதம் முன்பு கிளம்புகிற அன்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாயே, அதுதான். பிள்ளைகளை டிவி முன்னால் உட்கார வைக்காதீங்கப்பா, வாரத்துக்கு ஒரு நாளாவது வெளியே கூட்டிட்டுப் போங்க, நான் சின்ன வயசுல பார்த்த இடமெல்லாம் அவங்களும் பார்க்கட்டும் என்றாய். நான் உன்னை அந்த வெளியூர் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன், நீ போனாய். சின்னஞ்சிறுசுகள் இரண்டையும் எழுபதை நெருங்குகிறவன் தலையில் கட்டிவிட்டு, எங்கே போக வேண்டும் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எனக்கே அட்டவணை. முப்பத்தோரு வருஷம் அட்டவணை போட்டவனுக்கு! நான்கு இடம். முதல் சனி ஏரிப் படகுத்துறை. இரண்டாவது சனி பூங்காவில் சின்ன ரயில். மூன்றாவது நூலகத்தில் குழந்தைகள் அறை. நான்காவது கடைத்தெரு மாடியில் மீன் காட்சி. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம், 2.10 முதல் 3.00 வரை. யாராவது உச்சி வெயிலில் குழந்தைகளை வெளியே இழுத்துக்கொண்டு போவார்களா என்று அப்போது நினைத்தேன். அந்த 2.10 எங்கோ பார்த்த முகம் மாதிரி இருந்தது, யாரென்று பிடிபடவில்லை.

முதல் சனிக்கிழமை போனோம். படகுத்துறை கேட்டில் பூட்டு. பூட்டின் மேல் துரு, துருவின் மேல் குளவிக்கூடு. உள்ளே மூன்று படகு கவிழ்த்துக் கிடந்தது, ஒன்றின் வயிற்றில் செடி முளைத்திருந்தது. வேறொருவனாக இருந்தால் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பியிருப்பான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பதினொன்று. டிப்போவில் ஒரு விதி உண்டு, ஏறுகிற ஆள் இல்லாவிட்டாலும் வண்டி ட்ரிப் அடித்தாக வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டிய நேரம் நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மூன்று மணி வரை அந்தப் பூட்டின் முன்னால் இருவரையும் நிற்க வைத்தேன். படகு எங்கே என்றான் சின்னவன். உங்க அம்மாவைக் கேள் என்றேன்.

அப்புறம் ஒரு சனிகூட விடவில்லை. பூங்காவில் ரயில் ஓடவில்லை, இரண்டு முழம் தண்டவாளம் மட்டும். எஞ்சினுக்குள் சிமெண்ட் மூட்டை. நூலகத்தில் குழந்தைகள் அறை இரும்பு அலமாரி வைக்கிற அறையாகிவிட்டது, ஒரு குமாஸ்தா எங்களைப் பார்த்து இங்க என்ன வேடிக்கை பெரியவரே, பிள்ளைங்களை வெளியே கூட்டிட்டுப் போங்க என்றார். வெளியே கூட்டி வந்து வராந்தாவில் நிற்க வைத்தேன், மூன்று மணி வரை. மீன் காட்சி இருந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். தூறலிலும் நின்றோம். சின்னவன் ஒரு நாள் நின்றபடியே கால்சட்டையை நனைத்துவிட்டான், இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது, நின்றோம். ஐம்பத்தாறு சனிக்கிழமை. ரத்தான ட்ரிப் இரண்டே இரண்டு, இரண்டும் காய்ச்சலால்.

நீ வியாழக்கிழமை போன் பண்ணிப் போட்டோ கேட்பாய். பூட்டு தெரியாமல் முகத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன். எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கப்பா என்று எழுதினாய். கண்ணில் வெயில் பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற முகம் அது. பெற்றவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. எங்கடா போனீங்க என்று நீ கேட்டதற்குச் சின்னவன், கேட் பார்த்தோம் என்றானே, ஞாபகம் இருக்கிறதா? ஏதோ விளையாட்டு என்று நினைத்து நீ சிரித்தாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ சிரித்ததைப் பெரியவள் கேட்டாள்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு ஒரு பூட்டு ஞாபகம் வர வேண்டும் என்று செய்தேன். வேறு காரணம் இல்லை. எழுதிப் பார்க்கும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அடித்துவிட்டு வேறு எழுதினால் அது பொய்.

போன சனிக்கிழமை படகுத்துறைக்கு எதிரே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு வருஷமா பார்க்கிறேன், மாசம் ஒரு தடவை வந்து நிக்கிறீங்க, எதுக்குன்னு கேட்காம இருக்க முடியலை என்றார். உங்களுக்கு என்ன நஷ்டம் என்றேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, நீங்க டிப்போ டைம்கீப்பர்தானே என்றார். பழைய படகு டிக்கெட்காரர் அவர். சின்னவனை விட்டுவிட்டுப் பெரியவளையே பார்த்தார். அச்சு அவதான் என்றார். யாரு என்றாள் இவள். உங்கம்மாதான் பாப்பா, உன் உயரம்தான் இருக்கும், வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டு சனிக்கிழமையானா வந்துடும், இதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், எங்கப்பாவுக்கு ரெண்டு பத்துக்கு டூட்டி முடியும், வந்துடுவார்னு சொல்லும், நானே பாவம் பார்த்துச் சும்மா ஏறிக்கோம்மான்னு கூப்பிட்டிருக்கேன், அப்பா வந்தாத்தான்னு தலையை ஆட்டும், மூணு மணிக்கு வீட்டுக்குப் போயிடும், உங்கம்மா எத்தனையோ வாரம் வந்தா, ஒரு நாள்கூட படகு ஏறலை என்றார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, அப்ப உங்களுக்கு வேலை அப்படி சார் என்று சேர்த்தார். அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

திரும்பி நடக்கும்போது பெரியவள் எங்களுக்கு முன்னால் போனாள். சின்னவன்தான் கேட்டான், தாத்தா நீ ஏன் வரலை. மாற்று ஆள் நேரத்துக்கு வரமாட்டார்டா, அவர் வராம நாற்காலியை விட்டு எழுந்திரிக்க முடியாது என்றேன். உன் அம்மாவிடமும் இதையேதான் சொல்வேன், உனக்கும் இதையேதான் சொன்னேன். இருபத்தேழு வருஷம் கழித்து எழுதுகிறேன், தெரிந்துகொள். மாற்று ஆள் தினமும் சரியாக இரண்டு பத்துக்கு வந்தார். நான் டிப்போ பின்னறையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். நீ ஏரியில் நிற்கிறாய் என்று தெரியும். அதற்கப்புறம் ரயில், நூலகம், மீன் என்று இடம் இடமாகச் சொல்லி அனுப்பியதும் நான்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்து ஸ்ட்ரைக்கரை எடுப்பேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் அப்பாவாக இருக்க வேண்டும், அங்கே இருந்தால் வேண்டாம்.

அப்புறம்தான் கணக்கு உட்கார்ந்தது. படகுத்துறை மூடிப் பதினோரு வருஷம் என்று அந்தக் கடைக்காரரே சொன்னார், மற்ற மூன்றும் நேற்று மூடியதல்ல. நீ ஊரைவிட்டுப் போய்ப் பதினான்கு மாதம். ஆக எல்லாம் மூடியது தெரிந்துதான் எழுதி ஒட்டினாய். நீ நின்ற இடத்தில், நீ நின்ற நேரத்துக்கு என்னை நிற்க வைக்க வேண்டும், அதற்கு இரண்டு பிள்ளைகளை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாய். கெட்டிக்காரி. நான் உன்னைப் பூட்டாக்கிக் காட்டினேன், நீ என்னைக் கொண்டுபோய்ப் பூட்டின் முன்னால் நிறுத்தினாய். நாம் இருவரும் அவர்கள் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயிலில் நின்றது அவர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை ஃப்ரிட்ஜ் கதவில் உன் லிஸ்ட் இல்லை. அதே இடத்தில் பெரியவள் கையெழுத்தில் வேறு தாள். இருபதாம் தேதி, சனிக்கிழமை, 2.10 முதல் 3.00, படகுத்துறை, அம்மா, தாத்தா. அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் வரலையா என்று கேட்டேன். நாங்க எதுக்கு, நாங்கதான் பார்த்தாச்சே என்றாள். நாங்க டிவி பார்ப்போம் என்றான் சின்னவன். நடுவுல வந்துடக் கூடாது தாத்தா, மூணு மணி வரைக்கும் நிக்கணும், மழை வந்தாலும் நிக்கணும் என்றாள். உன்னோடு வருவார்களா, இங்கேயே இருப்பார்களா என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு ஒரு வாரமாகப் பயமாக இருந்தது. முதல்ல நீங்க நின்னுட்டு வாங்க, அப்புறம் நானும் தம்பியும் பேசிச் சொல்றோம் என்றாள். கோபமே இல்லை குரலில். டிப்போவில் நான் பேசிய குரல் அது.

ஆகவே நீ வண்டியிலிருந்து இறங்கியதும் ஓடி வந்து அவர்களைக் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணாதே, கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கும், பக்கத்து வீட்டு நர்ஸ் துணைக்கு இருப்பாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே ஏரிக்கு வா. நான் இரண்டு ஐந்துக்கே அங்கே இருப்பேன். நீ வராவிட்டாலும் மூன்று மணி வரை நிற்பேன், அதை உனக்காக என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிப்பு எதுவும் என் வாயிலிருந்து வராது, நீயும் கேட்காதே, நிற்கிற நேரத்தில் அதெல்லாம் பேசினால் ஐம்பது நிமிஷம் சீக்கிரம் போய்விடும், அது பெரியவளுக்குப் பிடிக்காது.

வேளைக்குச் சாப்பிடு. பயணத்தில் ஜன்னலோரம் உட்காராதே, உனக்குக் காது வலிக்கும். உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், என் குணம் மட்டும் உன்னோடு நிற்கட்டும், அவளுக்கு வேண்டாம். மறக்காமல் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வா. வெள்ளை சாக்ஸ் வேண்டாம், கேட்டின் முன்னால் இப்போது முழுக்கச் சேறு.

நீ காத்திருந்த,
அப்பா