ஒத்திகை முன்னால் வரவேண்டும்

மார்ச் 4

வாக்கெடுப்பில் என் விதி வென்றது. கணினியில் சேரும் பழைய கோப்புகளை அழிக்கும் கருவிக்கான விதி. முகம் தெரியாத பத்துப் பேர் இணையத்தில் சேர்ந்து கருவியை எழுதுகிறோம். கட்டளையில் '--ஒத்திகை' என்று சேர்த்தால் எதையும் அழிக்காது, எவை அழியும் என்று மட்டும் காட்டும். ஆனால் ஃபோல்டர் பெயருக்கு முன்னால்தான் சேர்க்க வேண்டும். பின்னால் வருவதையெல்லாம் இன்னொரு ஃபோல்டரின் பெயராகவே கருவி எடுத்துக்கொள்ளும். சுத்தமான விதி.

குழுவில் தன் முகத்துக்குப் பதில் ஆமைப் படம் வைத்திருப்பவர் மட்டும் எதிர்த்தார். "மனுஷனுக்குப் பயம் கடைசியிலதாங்க வரும். கடைசியில எழுதினாலும் கருவி கேக்கட்டுமே."

"உதவிப் பக்கத்தைப் படிக்கட்டும்" என்றேன். ஏழு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

மார்ச் 5

அந்தக் கைதட்டலை இன்றும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். வெட்கம்தான்.

மார்ச் 19

அக்கா மேசையிலிருந்து கூப்பிட்டாள். லேப்டாப்பில் இடமில்லையாம். எங்கள் கருவியில் ஃபோல்டர் பெயரை அடித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கடைசியில் '--ஒத்திகை' சேர்த்திருக்கிறாள். கருவி முதலில் அழித்தது. பிறகு, '--ஒத்திகை' என்றொரு ஃபோல்டர் இல்லை என்று பணிவாகச் சொன்னது.

போனவை அப்பாவின் குரல் பதிவுகள். பக்கவாதத்துக்குப் பின் அவர் மறுபடி பேசப் பழகிய நாற்பத்திரண்டு வாரங்கள், வாரத்துக்கு ஒரு பதிவு. வேறு பிரதி இல்லை.

"நீ எழுதினதுன்னுதானேடி நம்பிப் போட்டேன்."

உதவிப் பக்கம் படிச்சியா என்று வாய்வரை வந்துவிட்டது. எப்படி வந்தது எனக்கு? சீ.

மார்ச் 20

அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் மூன்றை முயன்றாகிவிட்டது. ஒன்றுமில்லை.

மார்ச் 22

குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். 'ஒரு பயனருக்கு' என்று தொடங்கினேன் — அழித்தேன். 'என் அக்காவுக்கு' என்று எழுதினேன், போனது அப்பாவின் பேச்சு என்பதையும் எழுதினேன். விதி என்னுடையது, தவறும் என்னுடையது, அதை நீக்கக் கோருகிறேன் என்று முடித்தேன். அனுப்பினேன்.

ஆமை மட்டும் உடனே பதில் போட்டார். "மாத்திடலாங்க. சரியா ஓடுதான்னு பாக்கிற டெஸ்ட் நான் எழுதறேன். அப்பா இப்ப எப்படிப் பேசறாரு?"

'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு சொல் இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

ஏப்ரல் 2

புதிய பதிப்பு வெளிவந்தது. அக்கா வேண்டுமென்றே '--ஒத்திகை'யைக் கடைசியில் அடித்தாள். பட்டியல் மட்டும் வந்தது, எதுவும் அழியவில்லை.

"இப்பவாவது காது கேக்குதே, சட்டம் போட்டவளே!"

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

அப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டு எதிரே வைத்தாள். 'மழை' என்று சொல்ல அவருக்கு நான்கு முயற்சி ஆயிற்று. கோப்புக்குப் பெயர் கேட்டது ஃபோன்.

ஒன்று என்று போடுவாள் என நினைத்தேன். நாற்பத்து மூன்று என்று போட்டாள்.