வண்டி ஏரிக்குப்பத்தில் நிற்கும்

ஏரிக்குப்பம்,
18.7.2025

சம்பந்தியம்மா இந்திராணிக்கு ரத்னம்மா எழுதுவது.

உங்கள் வீட்டில் எல்லாரும் சுகம் என்று பால்வண்டி எத்திராஜ் சொல்லித் தெரிந்துகொண்டேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருந்தால் பேத்தி ஹரிப்ரியாவை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்பது வருஷம் கழித்து இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். அந்தப் பிள்ளைக்குக் காது குத்தின அன்று, டவுனில் கம்மல் வாங்கிக்கொண்டு என் மகன் பழனி ஏறின பாசஞ்சர் புத்தூர் சிக்னலில் நின்றுவிட்டது. தாய்மாமன் வருவதற்குள் உங்கள் கொழுந்தனார் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்திவிட்டீர்கள். "இனிமே உன் குரல் என் காதுல வுழக்கூடாது" என்று உங்கள் வாசலில் நின்று சொன்னேன். அன்று நீங்கள் கட்டியிருந்தது அரக்குப் புடவை. முந்தானையில் மஞ்சள் கறை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

ஆனால் குரல் கேட்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் போன் செய்யாமல் எத்திராஜிடம் இந்தக் காகிதம்.

வருகிற ஆடி வெள்ளி எங்கள் ஊர் கங்கம்மாவுக்குப் பொங்கல். நீங்களும் உங்கள் தெருவும் முழுசாக வரவேண்டும். ரயிலுக்குக் காத்து நிற்கவேண்டாம், பழனி டிராக்டர் அனுப்புவான். திரும்பிப் போகும்போது எங்கள் ஸ்டேஷனில் சாயங்காலப் பாசஞ்சர் ஏறிக்கொள்ளலாம். பக்கத்து ஸ்டேஷன்தானே உங்களுடையது.

மறுத்துவிடாதீர்கள்.

ரத்னம்மா


கொத்தப்பேட்டை,
20.7.2025

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு இந்திராணியின் வணக்கம்.

உங்கள் காகிதத்தைத் தறிக்கொட்டகையில் வைத்தே படித்தேன். உங்கள் மகள் நம்பவில்லை. "எங்கம்மாவா எழுதினாங்க? யாரோ வெளையாட்றாங்க அத்த" என்றாள் வசந்தா. "உங்கம்மா இல்லாம வேற யாரு என் பொடவக் கறைய ஞாபகம் வெச்சுக்கினு இருப்பாங்க" என்றேன். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அன்று நல்ல நேரம் போய்விடும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். பழனி வரட்டும் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும். மெதுவாகத்தான் சொன்னேன்.

இங்கே எல்லார் வாயிலும் ரயில் பேச்சுதான். கவர்மெண்டு நம் பாசஞ்சரை வேகவண்டியாக மாற்றப்போகிறதாம். புதுப் பெட்டியாம், திருப்பதிக்குச் சீக்கிரம் போய்விடுமாம். அதற்காகச் சின்ன ஸ்டேஷன்களைக் குறைக்கிறார்களாம். உங்கள் ஊர், எங்கள் ஊர், இரண்டில் எங்கே ஜனம் அதிகம் ஏறுகிறதோ அங்கேதான் நிற்கும் என்கிறார்கள். வசந்தா திருப்பதி ஜவுளிக்கடை வேலைக்குப் போய்வருவதே அதில்தான். மனசு அடித்துக்கொள்கிறது.

அது இருக்கட்டும். வெள்ளிக்கிழமை எங்கள் தெருவே வருகிறது.

பணிவுடன்,
இந்திராணி


ஏரிக்குப்பம்,
28.7.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் தெருப் பெண்கள் வந்துதான் எங்கள் கங்கம்மாவுக்கே களை வந்தது. நீங்கள் கொண்டுவந்த அரக்குப் புடவையை அம்மனுக்குச் சாத்தினோம். அந்த நிறத்தை வேண்டுமென்றே எடுத்தீர்களா என்று தெரியவில்லை.

நாள் முழுக்க நீங்கள் வாயே திறக்கவில்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, உங்கள் குரல் என் காதில் விழக்கூடாது என்று நான் சொன்னதை நீங்கள் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று. உப்பு வேண்டும் என்பதைக்கூட விரலால் காட்டினீர்கள். எங்கள் தெருக் கமலம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இன்னாடி, உன் சம்பந்தி மௌனவிரதமா?" என்று ஊரே கேட்கிறது.

ஸ்டேஷனில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆட்களை நீங்கள் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அவர்கள் ஏதோ ரயில்வே வேலையாக வந்தவர்கள், பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

வசந்தா பொங்கலைச் சரியாகவே சாப்பிடவில்லை. இளைத்துவிட்டாள். என்னிடம் வந்து உட்காரவும் இல்லை.

ரத்னம்மா


கொத்தப்பேட்டை,
12.10.2025

சம்பந்தியம்மாவுக்கு,

புது டைம்டேபிள் வந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேகவண்டி ஏரிக்குப்பத்தில் நிற்கும். கொத்தப்பேட்டையில் நிற்காது.

புங்கமரத்தடியில் இருந்தவர்கள் ஆள் எண்ணினது அந்த ஆடி வெள்ளி அன்றுதான் என்று இப்போது தெருவுக்கே தெரியும். எங்கள் பிளாட்பாரத்தில் அன்று ஈ காக்கை இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் உங்கள் ஸ்டேஷனில் ஏறி, உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மஞ்சு என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "பொங்கலத் துன்னுட்டு வண்டிய வுட்டுட்டு வந்தோம். எங்கள இட்டுக்கினு போனது நீதானே அத்த?" அவள் கணவன் திருப்பதியில் கட்டட வேலைக்குப் போகிறவன். இனி பஸ்ஸுக்கு ஹைரோடு வரை நடக்கவேண்டும். குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இப்போது எல்லாரும் போன பிறகுதான் குடம் எடுக்கிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். எண்ணுகிற நாள் எனக்கு முன்னாலேயே தெரியும். என் மகன் தனசேகர் டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். "போவாதம்மா, இதுல இன்னாவோ கீது" என்றான். டிராக்டர் வந்து வாசலில் நின்றது. ஒருவேளை நிஜமாகவே கூப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். இன்றைக்குப் போகாமல் விட்டால் இந்த அம்மாள் சாகும்வரை கூப்பிடமாட்டார்கள் என்று தோன்றியது. ஏறிவிட்டேன். தெருவிடம் சொல்லாமல் ஏறினேன். அவர்கள் திட்டுவது நியாயம்தான்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நிஜமாகத்தான் கூப்பிட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

இந்திராணி


ஏரிக்குப்பம்,
2.11.2025

சம்பந்தியம்மா இந்திராணிக்கு,

உங்கள் காகிதத்துக்கு உடனே ஒரு பதில் எழுதினேன். "காது குத்தினபோது எங்கள் பிள்ளை தலைகுனிந்து நின்றானே, அப்போது எங்கே போனது உங்கள் நியாயம்" என்று ஆரம்பித்து எழுதினேன். எத்திராஜ் பால் எடுக்க வந்தபோது கொடுக்கக் கை வரவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: நிஜமாகக் கூப்பிடவில்லை. எண்ணுகிற நாளைப் பழனியிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் எழுதினேன். ரயிலுக்கு நிற்கவேண்டாம் என்று எழுதியதும் அதற்காகத்தான்.

எதற்குச் செய்தேன் என்றால், உங்களைப் பழிவாங்க என்று ஊரார் நினைப்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் வண்டி எங்கள் ஊரில் மட்டும் நின்றால் வசந்தா இங்கே வந்துதானே ஏறவேண்டும், என் வாசலைத் தாண்டித்தானே போகவேண்டும் என்று கணக்குப் போட்டேன். காலையில் ஒரு வாய் காப்பி, சாயங்காலம் ஒரு வார்த்தை. அவளைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து அவள் உங்களைத்தான் அதிகம் பார்க்கிறாள். புது வண்டி ஓட ஆரம்பித்த அன்று விடியும்முன் எழுந்து பால் காய்ச்சி வைத்தேன். அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஹைரோட்டில் பஸ் பிடிக்கிறாள் என்று பழனி சொன்னான். "அவ இந்தப் பக்கம் வரமாட்டாம்மா. நீ செஞ்சது அவளுக்குத் தெரியும்" என்றான்.

போன வாரம் கண் காட்ட அந்த வண்டியில் திருப்பதிக்குப் போனேன். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, சீட்டு மெத்தென்று. உங்கள் ஊர் வந்ததும் வேகம் குறையவே இல்லை. பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியவில்லை. தாண்டினதும் ரயில்வே கேட். சாத்தியிருந்தது. ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்திருந்தாள் வசந்தா. நான் போகிற வண்டிக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாளோ என்னவோ. நான் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டேன். எதிர் சீட்டுப் பெண் "வெயில் அடிக்குதா அவ்வா?" என்று தெலுங்கில் கேட்டாள். ஆமாம் என்றேன். வெயிலே இல்லை.

கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது ரேணிகுண்டாவில் இறங்கி, ஸ்டேஷனில் ஒரு ரயில்வே ஆளிடம் அன்றைய கணக்கு தப்பு, பாதிப் பேர் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று சொன்னேன். நல்ல மனுஷன், உட்காரவைத்துக் கேட்டார். "டைம்டேபிள் போட்டாச்சு அவ்வா. மனு கொடுங்க, அடுத்த தரம் எண்ணும்போது பாக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பழனி மனு எழுதிக் கொடுத்தான், நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்களோ. சொல்லட்டும்.

வண்டி கிடைக்காது என்றாலும் உங்களுக்குக் குழாயடியாவது திரும்பக் கிடைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். டிராக்டரில் இல்லை, ஷேர் ஆட்டோவில். உங்கள் தெருப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்கு வந்து, மஞ்சுவின் எதிரிலேயே சொல்வேன்: "கள்ளத்தனமா கூப்ட்டது நானு. இந்திராணிக்கு ஒண்ணும் தெரியாது." உடனே "எனக்குத் தெரியும்" என்று நியாயம் பேச ஓடி வந்துவிடாதீர்கள். அன்று பொங்கலில் இருந்த மாதிரி வாயைத் திறக்காமல் நில்லுங்கள். இது ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

காது குத்தினதை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அது வேறு, இது வேறு.

தெரு கலைந்த பிறகு, உங்களுக்கு மனசு வந்தால், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுங்கள். சத்தமாகவே திட்டுங்கள். என் காதில் விழட்டும்.

ரத்னம்மா